காற்று ரெஞ்சின் வலிமைக் குறைவும் அதன் காரணமும்

மேட்டூர் அணையிலிருந்து குறுவைச் சாகுபடிக்குத் தண்ணீர் விடுவதற்கு வழக்கமாகக் குறிக்கப்படும் தேதி ஜூன் 12 என்பதைக் காவிரிப் பாசனத்துக் குடியானவர் யாவரும் அறிவர். அந்நாள் நெருங்கிவிட்டால் ஊரிலுள்ள டிராக்டர்கள் அனைத்திற்கும் ஒரே சமயத்தில் வேலை வந்துவிடுகிறது. ரப்பர்ச் சக்கரங்களைக் கழற்றிச் சேற்றுழவுக்குரிய கேஜ் வீல்களை மாட்ட வேண்டும். ரோட்டவேட்டரில் தேய்ந்துபோன கத்திகளை எடுத்துப் புதியவற்றைப் பூட்ட வேண்டும். 36 கத்திகளுள்ள ரோட்டவேட்டரில், கத்தியொன்றுக்கு 2 போல்ட்டுகள் வீதம், 72 நட்டுகளைக் கழற்றிப் பூட்டினாலன்றி அவ்வேலை முடியாது.

அந்த நட்டுகளோ ஒரு போகம் முழுவதும் சேற்றிலும் நீரிலும் கிடந்து துருவேறியவை. ஸ்பானரின் பிடியில் நீண்ட இரும்புக் குழாயொன்றைச் செருகி, அதன்மேல் ஆள் ஏறி நின்று மிதித்து அவற்றைக் கழற்றுவது ஊர்தோறும் காணும் காட்சி. ஸ்பானர் நழுவினால் விரல் நசுங்கும், பல் உடையும். இச்சிரமத்தை நீக்கவே காற்றின் விசையால் நட்டைத் தட்டித் திருப்பும் இம்பாக்ட் ரெஞ்ச் என்னும் கருவியைப் பலர் வாங்கி வருகின்றனர். பட்டறைகளில் இதனை ஏர் கன் என்றும் வழங்குவர்.

ஆனால் வாங்கியவர்களிற் பலர் மனநிறைவு அடையவில்லை. கருவி படபடவென்று சப்தமிடுகிறது, நட்டோ அசைவதில்லை. உடனே, "இது சிறியது, இதைவிடப் பெரியதாக வாங்கியிருக்க வேண்டும்" என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றனர். இரண்டாவது கருவிக்கும் பணம் செலவாகிறது. அதுவும் முன்னதைப் போலவே நடந்துகொள்கிறது. இம்முடிவு பெரும்பாலும் தவறானது. குறை அநேகமாகக் கருவியில் இல்லை. அதற்குக் காற்று வந்து சேரும் வழியிலேயே இருக்கிறது.

இக்கருவி வேலை செய்யும் விதம் எளியது. உள்ளே ஒரு சிறு காற்று மோட்டார் சுழல்கிறது. அது ஒரு கனமான சம்மட்டியைச் சுழற்றி விடுகிறது. சம்மட்டி வேகம் பெற்றுத் தண்டின்மேல் மோதுகிறது. பிறகு விலகி மீண்டும் வேகம் பெற்று மோதுகிறது. இத்தகைய அடிகள் ஒரு நிமிஷத்தில் பல நூறு விழுகின்றன. அடியின் பலம் சம்மட்டியின் வேகத்தைப் பொறுத்தது; வேகம் பாதியானால் அடியின் சக்தி கால் பங்காகிவிடும். அவ்வேகமோ மோட்டாருக்குள் நுழையும் காற்றின் அழுத்தத்தையும் அளவையும் பொறுத்தது. ஆகவே காற்று சிறிது குறைந்தாலும் வேலை பெரிதும் குறைந்துபோகிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

இதனைப் பாசனத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ஏரி நிரம்பித் ததும்பினாலும் மடை குறுகலாகவும் வாய்க்கால் தூர்ந்தும் இருந்தால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டாது. ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்துக் கடைமடையும் நனைந்திருக்கும் என்று எண்ணுவோர் எவருமில்லை. கம்ப்ரசரின் தொட்டியே ஏரி; ரப்பர் குழாயே வாய்க்கால்; குழாய் இணைப்புகளே மடைகள்; ரெஞ்சே கடைமடை வயல். அங்ஙனமிருக்க, தொட்டியிலுள்ள அழுத்தமானியின் முள் 120 பவுண்டு காட்டுகிறது என்பதற்காக ரெஞ்சுக்குப் போதிய காற்று கிடைக்கிறது என்று கருதுவது எவ்வாறு பொருந்தும்?

இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் சதுர அங்குலத்திற்கு 90 பவுண்டு அழுத்தத்திற்கென்று அமைக்கப்பட்டவை. அந்த 90 பவுண்டும் ரெஞ்சின் வாயிலில், அதுவும் விசையை அழுத்திக் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது இருக்க வேண்டும். கருவி சும்மா இருக்கையில் காற்று ஓடுவதில்லை. ஆகையால் எவ்வளவு குறுகிய குழாயிலும் அழுத்தம் முழுமையாகவே காணும். விசையை அழுத்தியவுடனேதான் உண்மை வெளிப்படும். ரெஞ்சின் வாயிலில் ஒரு சிறு அழுத்தமானியைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தால், முள் 90-லிருந்து 60-க்கும் அதற்குக் கீழும் இறங்குவதைப் பல இடங்களில் காணலாம். புதுக் கருவிக்குப் பணம் எடுக்குமுன் இச்சோதனையைச் செய்தல் அவசியம்.

முள் இறங்கினால் முதலில் நோக்க வேண்டியது குழாய். டயருக்குக் காற்றடிக்க வைத்திருக்கும் 2 நூல், அதாவது கால் அங்குல, உள்விட்டமுள்ள மெல்லிய குழாயையே ரெஞ்சுக்கும் மாட்டிவிடுவது பொதுவான பிழை. அரை அங்குலச் சதுர முனையுள்ள ரெஞ்சுக்குக் குறைந்தது 3 நூல் குழாய் வேண்டும்; 4 நூல் குழாயாயின் மிகவும் நன்று. 2 நூல் குழாயைவிட 4 நூல் குழாயின் வாய் பரப்பில் 4 மடங்கு பெரியது. ஒரே அளவு காற்று ஓடும்போது, விட்டம் பாதியான குழாயில் ஏற்படும் அழுத்த நஷ்டம் ஏறக்குறைய 32 மடங்கு ஆகிறது. நீளமும் கவனிக்கற்பாலது. 100 அடிக் குழாயைச் சுருட்டி வைத்து அதன் நுனியில் வேலை செய்வதைவிட, கம்ப்ரசரை வண்டியினருகே நகர்த்தி 25 அடிக் குழாயால் வேலை செய்வது மேல்.

அடுத்தது இணைப்புகள். பெரிய குழாயை வாங்கிவிட்டு அதன் இரு முனைகளிலும் பழைய சிறு கப்ளர்களையே பூட்டினால், வாய்க்காலை அகலப்படுத்திவிட்டு மடையைக் குறுகலாகவே விட்டதற்கு ஒப்பாகும். துளை அகன்ற கப்ளர்களையே கேட்டு வாங்க வேண்டும். அவற்றின் எண்ணிக்கையையும் கூடியவரை குறைத்தல் நலம். கம்ப்ரசரின் வாயிலுள்ள ரெகுலேட்டர், நீர்வடிப்பான் ஆகியவை சிறியனவாயின் அவையும் காற்றை நெருக்கும். இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவிப் பார்த்தால் கசிவுள்ள இடங்களில் நுரை எழும். ரெஞ்சின் பிடியிலும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகு ஒன்று உண்டு. அது குறைந்த அளவில் நிற்பதை அறியாமல் கருவியைக் குறை கூறுவோரும் உளர்.

இவையெல்லாம் செவ்வையாக இருந்தும் வலிமை போதாவிடின் கம்ப்ரசரின் ஆற்றலை ஆராய வேண்டும். ரெஞ்சின் விவரத்தாளில் நிமிஷத்திற்கு 4 அல்லது 5 கன அடிக் காற்று போதும் என்றிருப்பது, விட்டு விட்டு உபயோகிப்பதைக் கணக்கிட்ட சராசரியாகும். விசையை விடாமல் அழுத்தும்போது அது நிமிஷத்திற்கு 20 கன அடி வீதமும் இழுக்கக்கூடும். நல்ல கம்ப்ரசர் ஒரு குதிரைத்திறனுக்கு 3 முதல் 4 கன அடி வரையிலேதான் தரும். எனவே 2 குதிரைத்திறன் யந்திரத்தில் சில விநாடிகள் அடித்துவிட்டு, தொட்டி மறுபடி நிரம்பும் வரை பொறுத்திருந்து அடிக்க வேண்டும். பொறுமையின்றித் தொடர்ந்து அடித்தால் தொட்டி வற்றும். சப்தம் மட்டும் எஞ்சும். பெல்ட் தளர்ந்திருத்தல், மின்சாரத்தின் வோல்டேஜ் குறைதல், அறுவடைக் காலத்துத் தூசியால் காற்று வடிகட்டி அடைபடுதல் ஆகியவையும் கம்ப்ரசரின் ஆற்றலைக் குறைக்கும்.

காற்று போதிய அளவில் வந்தும் கருவி மந்தமாயிருந்தால் பராமரிப்பில் குறை இருக்கலாம். அழுத்தப்பட்ட காற்று தொட்டியில் குளிரும்போது அதிலுள்ள ஈரம் நீராகிறது. தொட்டியின் அடியிலுள்ள வடிகுழாயைத் தினந்தோறும் திறந்து அந்நீரை வெளியேற்றாவிட்டால், அது ரெஞ்சினுள் புகுந்து துருவை உண்டாக்கும். காற்றுக் கருவிக்கென விற்கும் எண்ணெயில் நாலைந்து துளிகளை வேலை தொடங்குமுன் காற்று நுழையும் வாயில் விட வேண்டும். கனமான என்ஜின் எண்ணெயை விட்டால் மோட்டாரின் தகடுகள் ஒட்டிக்கொள்ளும்.

இனி, அடி நட்டைச் சென்றடையும் வழியையும் பார்க்க வேண்டும். ரெஞ்சுக்கும் நட்டுக்கும் நடுவே நீண்ட எக்ஸ்டென்ஷன் ராடும் வளையும் மூட்டும் மாட்டினால் அவையே அடியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். தேய்ந்த சாக்கெட்டும் அவ்வாறே. மேலும், கைவேலைக்குரிய பளபளப்பான சாக்கெட் இவ்வடியைத் தாங்காமல் உடைந்து கண்ணில் தெறிக்கக்கூடும். தடித்த சுவருடைய கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்டையே உபயோகிக்க வேண்டும். கண்ணாடி அணிவதும் இன்றியமையாதது. பத்து விநாடி அடித்தும் அசையாத நட்டை மேலும் அடிப்பது வீண். மரையிலுள்ள சேற்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துரு இளக்கும் எண்ணெயை விட்டு, இரவு முழுவதும் ஊறவிட்டுக் காலையில் முயன்றால் அநேகமாகக் கழன்று வரும்.

வலிமை போதவில்லை என்று ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தை 130, 150 பவுண்டு என்று ஏற்றுவோரும் உளர். இது கருவியின் ஆயுளைக் குறைப்பதோடு ஆபத்தும் விளைவிக்கும். தொட்டியின் பாதுகாப்பு வால்வு காற்றைக் கக்குகிறதென்று அதனைக் கம்பியால் கட்டி வைத்தலோ உயிருடன் விளையாடுவதாகும். துருவேறிய தொட்டி வெடித்தால் அருகிலிருப்போர் பிழைப்பது அரிது. குறுகலான குழாயை மாற்றாமல் அழுத்தத்தை ஏற்றுவது, வாய்க்காலைத் தூர் வாராமல் ஏரிக்கரையை உயர்த்துவதை ஒக்கும். கடைமடையும் நனையாது, கரையும் உடையும்.

இக்காலத்தில் மின்கலத்தால் இயங்கும் ரெஞ்சுகள் வந்துவிட்டனவே, காற்றுக் குழாயுடன் மல்லாடுவானேன் என்று கேட்கலாம். வயலின் நடுவே சக்கரம் கழற்ற நேர்ந்தால் அவை மிக்க அனுகூலமானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் கம்ப்ரசரும் ரெஞ்சும் ஏற்கெனவே வைத்திருப்பவர், ஒரு குழாயும் இரண்டு கப்ளரும் மாற்றிச் சரிசெய்யக்கூடிய குறைக்காகப் புதுக் கருவி வாங்குவது சிக்கனமன்று.

கழற்றுவதற்கு வேண்டிய வலிமை பூட்டுவதற்கு வேண்டியதில்லை என்பதும் நினைவிலிருக்கட்டும். வலிமை மீண்ட ரெஞ்சினால் சக்கர நட்டை மனம்போல் முறுக்கினால் போல்ட் நீண்டு பலமிழக்கும், மரையும் கெடும். நட்டை முதலில் கையால் சில சுற்றுத் திருகி, ரெஞ்சினால் மெதுவாக ஒட்டவைத்து, இறுதியில் டார்க் ரெஞ்சைக் கொண்டு கைப்புத்தகத்தில் கண்ட அளவுக்கு முறுக்குவதே முறை. சில மணி நேரம் உழுத பின் மீண்டும் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பலவும் டிராக்டர்களையும் கருவிகளையும் வாடகைக்கு விட்டு வருகின்றன. அச்சங்கங்களின் செயலாளர்களும் ஊராட்சித் தலைவர்களும் கொள்முதல் விஷயத்தில் ஒரு சிறு மாறுதல் செய்தல் உசிதம். விலைப்புள்ளி கோரும்போது குதிரைத்திறனையும் தொட்டியின் லிட்டர் அளவையும் மட்டும் எழுதாமல், 90 பவுண்டு அழுத்தத்தில் நிமிஷத்திற்கு எத்தனை கன அடிக் காற்று உண்மையில் வெளிவரும் என்பதையும், குழாயின் உள்விட்டத்தையும், கப்ளரின் அளவையும் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். பெரிய ரெஞ்சு கண்ணுக்குக் கம்பீரமாகத் தோன்றலாம். குழாயும் கப்ளரும் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நாற்று முற்றிக்கொண்டிருக்க, வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, டிராக்டர் மட்டும் ஒரு நட்டு கழலாமல் பட்டறையில் நிற்குமாயின் அந்த ஒரு நாளின் நஷ்டம் குழாயின் விலையை விழுங்கிவிடும்.

ஆகவே தண்ணீர் வருவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே வாய்க்காலைத் தூர் வாருவது போலக் காற்று வழியையும் சோதித்து வைத்தல் வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் எட்டச் செய்யும் வித்தை தெரிந்த குடியானவருக்கு, ரெஞ்சுக்குக் காற்று எட்டச் செய்வது கடினமான காரியமன்று.