பூட்டிய மண்டபமும் திறந்த கதவும்

நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் பாரடிசோ என்றோர் இசையரங்கம் உண்டு. உலகப் புகழ் பெற்ற பாடகர்கள் பலர் அங்கே பாடியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டடம் பாட்டுக்கென்று எழுந்ததன்று. 1879, 1880-ஆம் ஆண்டுகளில், சீர்திருத்தத் திருச்சபையிலிருந்து பிரிந்து வந்த சுதந்திரச் சபை ஒன்று தன் கூட்டங்களுக்காக எழுப்பிய கட்டடம் அது. காலம் மாறியது. சபையார் வெளியேறினர். கட்டடம் காலியாயிற்று. 1967-இல் நகரத்து இளைஞர்கள், 'எங்களுக்குக் கூடிப் பாட இடம் இல்லை. இந்தக் கட்டடமோ சும்மா கிடக்கிறது' என்று கதவைத் திறந்துகொண்டு உள்ளே புகுந்தார்கள். காவல்துறை வந்து அவர்களை வெளியேற்றியது. கதை அத்தோடு முடிந்திருந்தால் இன்று நாம் அதைப் பற்றி எழுத வேண்டிய தேவை இராது. அடுத்த ஆண்டே, 1968 மார்ச் 30-ஆம் நாள், நகராட்சியின் பொருளுதவியோடு அதே கட்டடம் இளைஞர் மன்றமாகத் திறக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் கதவு மூடப்படவில்லை.

இதை ஏன் மும்பைத் தமிழர்களுக்குச் சொல்கிறோம்? காரணம் இருக்கிறது. முதலில் செய்தியை முழுமையாகப் பார்த்துவிடுவோம்.

இலண்டன் நாடாளுமன்றத்துக்கு மிக அருகே, ஸ்மித் சதுக்கத்தில் புனித யோவான் தேவாலயம் 1728-இல் கட்டி முடிக்கப்பட்டது. 1941 மே மாதத்தில் இட்லரின் குண்டு விழுந்து, சுவர்கள் மட்டும் எஞ்சின. கால் நூற்றாண்டுக் காலம் அது கூரையற்ற பாழ்க்கூடாகக் கிடந்தது. அங்கே வேறு ஏதாவது எழுப்பி இலாபம் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு எந்த நகரத்திலும் பஞ்சமில்லை. ஆனால் அக்கம்பக்கத்தாரும் ஆர்வலரும் நண்பர் குழு அமைத்துப் பொருள் திரட்டினர். 1969-இல் அது கச்சேரி மண்டபமாக மீண்டும் எழுந்தது.

அதே நகரின் இசுலிங்டன் பகுதியில் யூனியன் சேப்பல் இருக்கிறது. 1877-இல் கட்டி முடித்தது. 1980-களின் தொடக்கத்தில் அதை இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, ஊர் மக்கள் திரண்டு தடுத்தார்கள். இன்று அங்கே வார நாட்களில் இசை நிகழ்ச்சி, ஞாயிற்றுக்கிழமை வழிபாடு. வீடற்றவர்களுக்கு உதவி செய்யும் பணியும் அதே கூரையின் கீழ் நடக்கிறது. வழிபாட்டை விரட்டிவிட்டுத்தான் கலை உள்ளே வர வேண்டும் என்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இன்னொரு செய்தி நம் ஊரோடு நேரடித் தொடர்புடையது. 1938-இல் இதே பம்பாயில் கே. எம். முன்ஷி தொடங்கிய பாரதிய வித்யா பவன், இலண்டனில் தன் கிளையை வைத்திருப்பது எங்கே தெரியுமா? மேற்குக் கென்சிங்டன் பகுதியில், முன்னாளில் தேவாலயமாக இருந்த ஒரு கட்டடத்தில். அங்கே இன்று கருநாடக இசையும் மிருதங்கமும் பரதநாட்டியமும் கற்றுத்தரப்படுகின்றன. பிழைக்கப் போன இடத்தில், அந்த ஊரார் விட்டுச்சென்ற கட்டடத்தில், நம் ஊர்ப் பிள்ளைகள் தாளம் போடுகிறார்கள். முன்ஷியின் மொழிக் கொள்கையோடு நமக்குள்ள வேறுபாடு ஊரறிந்தது. அதற்காகச் செய்த நற்பணியைச் செய்யவில்லை என்று சொல்லும் பழக்கம் நமக்கில்லை.

ஏன் அங்கே கோயில்கள் காலியாகின்றன என்று கேட்கலாம். 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இங்கிலாந்திலும் வேல்சிலும் தம்மைக் கிறித்தவர் என்று சொன்னோர் நூற்றுக்கு 46 பேர். கணக்கெடுப்பு வரலாற்றில் முதன்முறையாகப் பாதிக்கும் கீழே இறங்கிய எண் அது. எம்மதமும் சாராதோர் நூற்றுக்கு 37 பேர். ஆனால் இந்த நிலை வருமுன்னரே, 1968-இலேயே, பயனற்றுப்போன தேவாலயங்களை என்ன செய்வது என்பதற்கு அங்கிலிக்கத் திருச்சபை தனக்கென ஒரு விதிமுறை வகுத்துக்கொண்டது. தக்க மாற்றுப் பயன் உண்டா, பாதுகாத்து வைக்கத் தகுந்ததா, இரண்டும் இல்லாவிடில் இடிக்கலாமா என்று முறைப்படி ஆராய்ந்த பிறகே முடிவு. அதாவது, கட்டடத்தின் உரிமையாளர்களே கூடிப் பேசி எடுத்த முடிவு. இந்தச் சொற்றொடரை வாசகர்கள் அழுத்தமாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஏனென்றால், இச்செய்தியை நம் நாட்டில் திரித்துப் பேசக் காத்திருப்போர் உண்டு. 'பார்த்தீர்களா, வெள்ளைக்காரனே தேவாலயத்தைப் பாட்டுக்கொட்டகை ஆக்கிவிட்டான். இங்கே இருப்பதையும் மாற்றினால் என்ன?' என்று கேட்க அவர்கள் நாக்கு துடிக்கிறது. நாம் திட்டவட்டமாகச் சொல்கிறோம்: அது வேறு, இது வேறு. அங்கே கூட்டம் இல்லாமல் கோயில் காலியானது. இங்கே கூட்டம் நிறைந்து வழிகிறது. தாராவியில் ஞாயிறு காலை தமிழ் வழிபாட்டுக்குப் போய்ப் பாருங்கள். நிற்க இடம் கிடைக்காது. அங்கே உரியவர்கள் விரும்பிக் கொடுத்தார்கள். இங்கே சிலர், உரியவரிடமிருந்து பறிப்பதையே அரசியலாக நடத்துகிறார்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று ஒரு வழிபாட்டிடம் எத்தன்மையில் இருந்ததோ அத்தன்மையிலேயே தொடர வேண்டும் என்று, அயோத்தி ஒன்றை மட்டும் விலக்கிவிட்டு, 1991-இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. அந்தச் சட்டத்தையே எதிர்த்து வழக்குகள் வந்தன. 2024 டிசம்பரில், இத்தகைய புதிய வழக்குகளை எந்த நீதிமன்றமும் பதிவு செய்யக் கூடாது என்று உச்சநீதிமன்றம் இடைக்கால ஆணையிட வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றிற்று. சிறுபான்மையினரின் கோயிலோ பள்ளிவாசலோ, அதன் எதிர்காலத்தை முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கே உரியது. இதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டடம் கைமாறினால் மட்டும் அது பொதுவாகிவிடாது. நம்மில் பலருக்குச் சொந்த மாவட்டமான திருநெல்வேலியின் வடக்கன்குளத்தை எண்ணிப் பாருங்கள். ஆண்டவன் முன் அனைவரும் சமம் என்று போதித்த மதத்தின் கோயிலையே, சாதிக்கொரு பக்கமாக உட்காரும்படி இரண்டு கூடமாகக் கட்டினார்கள். 1910-இல் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. 'எங்கள் உரிமை போயிற்று' என்று வழக்குத் தொடுத்தார்கள், மேல்சாதி என்று தம்மைச் சொல்லிக்கொண்டோர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. சாதிப்படி தனி இடம் கேட்கும் உரிமை கோயிலுக்குள் இல்லை என்று தீர்ப்பு வந்தது. செங்கல் சுவரை ஒரே நாளில் இடித்தார்கள். மனச்சுவர் இடிய எத்தனை ஆண்டு! ஆகவே, கலை மண்டபம் என்று பெயர்ப்பலகை மாட்டும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த மேடையில் யார் ஏறலாம்? வீணைக்கு நடுமேடையும் பறைக்கு வெளிவாசலும் என்றால், அது கலை மண்டபம் அன்று. பழைய தடுப்புச்சுவரின் புதிய பதிப்பு.

இனி, இப்படி மாற்றுவது அவ்வளவு எளிதா? இல்லை. உணர்ச்சி மட்டும் கூரை ஒழுகலை அடைக்காது. உயர்ந்த கூரையும் கல்சுவரும் உள்ள கூடத்தில் ஓசை நெடுநேரம் நின்று எதிரொலிக்கும். ஒருவர் மெல்லப் பாடும் பாட்டுக்கு அது அழகு. மிருதங்கத்தின் சொற்கட்டோ, நாடக வசனமோ ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிப்போகும். கனத்த திரைகளும் விரிப்புகளும் வேண்டும். நானூறு பேர் ஒரே நேரத்தில் வெளியேற வழி வேண்டும், தீயணைப்பு ஏற்பாடு வேண்டும், கழிப்பறை வேண்டும், இரவு பத்து மணிக்குப் பிறகு அண்டை வீட்டார் உறங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கூரைப் பராமரிப்பு, மின்கட்டணம், காவலாளியின் சம்பளம் ஆகிய மூன்றும் மாதந்தோறும் வாசலில் வந்து நிற்கும். வெளிநாட்டில் வெற்றி பெற்ற இடங்களில் எல்லாம், யாரோ சிலர் இந்தக் கணக்கை ஆண்டுக்கணக்கில் பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள். கைதட்டல் மேடைக்குக் கிடைத்தது; கட்டடம் நின்றது கணக்குப் புத்தகத்தால்.

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம். எட்டாத ஊரின் காலிக் கட்டடங்களைப் பற்றிப் பேசிய நாம், எட்டிய தூரத்தில் இருக்கும் காலிக் கட்டடங்களைப் பற்றிப் பேசாமல் இருக்கலாமா?

நம் தந்தையர் தலைமுறை இந்த நகரத்துக்கு வெறுங்கையோடு வந்தது. தோல் கிடங்கிலும் ஆலையிலும் துறைமுகத்திலும் வியர்வை சிந்திச் சேர்த்த காசில் நாலணா, எட்டணா என்று சந்தா கட்டி, அங்குமிங்கும் சங்கங்களுக்குக் கட்டடம் எழுப்பியது. அங்கே படிப்பகம் இருந்தது. மாலையில் இரவுப் பள்ளி நடந்தது. பொங்கலுக்கு நாடகம் ஒத்திகை பார்த்தார்கள். தாயகத்திலிருந்து தலைவர்கள் வந்தால் அங்கேதான் பேசினார்கள். இன்று அவற்றுள் பலவற்றின் நிலை என்ன? முகூர்த்த நாளில் திருமண வாடகை. மற்ற நாளில் பூட்டு. படிப்பக அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. நிர்வாகக் குழுத் தேர்தலுக்கு மட்டும் கூட்டம் கூடுகிறது. அதுவும் நாற்காலி பறக்கும் அளவுக்கு!

சபையார் இல்லாமல் காலியான தேவாலயத்துக்கும், உறுப்பினர் வராமல் காலியான சங்கத்துக்கும் என்ன வேறுபாடு? ஒன்றே ஒன்றுதான். அவர்கள் காலியாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். நாம் ஒப்புக்கொள்ளவே இல்லை.

முடியாது என்று சொல்வோருக்கு மும்பையிலேயே விடை இருக்கிறது. 1963-இல் எழுந்த சண்முகானந்தா அரங்கம் 1990-இல் தீயில் எரிந்தது. எட்டு ஆண்டு உழைத்து, 1998-இல் அதை மீண்டும் திறந்தார்கள். வசதி படைத்த தமிழரால் முடிந்தது. அந்த அரங்கத்துக்குக் கூப்பிடு தொலைவில் இருக்கும் தாராவித் தமிழ்ப் பிள்ளைக்கு, பறை பழகவோ சிலம்பம் சுற்றவோ தவில் அடிக்கவோ, கூரை போட்ட ஒரு கூடம் எத்தனை இருக்கிறது? சந்துக்குள் பழகினால் அண்டை வீட்டார் சத்தம் போடுகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. பத்துக்குப் பத்து அறையில் இரவுப்பணி முடித்து வந்தவர் பகலில்தானே உறங்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் இருக்கிறது. தாராவி மறுசீரமைப்பு ஒப்பந்தம் 2022 நவம்பரில் தனியார் குழுமம் ஒன்றின் கைக்குப் போயிற்று. 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. 2000 சனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை மெய்ப்பிக்கும் குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு என்கிறார்கள். யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்ற போராட்டமே முதற் போராட்டம். அதில் நாம் பின்வாங்கப் போவதில்லை. ஆனால் 350 சதுர அடிக்குள் குடும்பம் நடத்தலாம். ஒரு சமுதாயம் நடத்த முடியாது. மக்கள் கூட ஒரு பொது இடம் வரைபடத்தில் இப்போது இடம்பெறாவிட்டால், நாளை அது நிரந்தரமாக இல்லை. ஐம்பது ஆண்டு கழித்து மாற்றிக்கொள்ள அங்கே பழைய கட்டடம்கூட மிஞ்சியிருக்காது.

ஆகவே நாம் சொல்வது மூன்று. முதலாவது, நம் சங்கக் கட்டடங்களின் நிர்வாகிகள், திருமண வாடகை இல்லாத நாட்களில் மாலை ஐந்து முதல் ஒன்பது வரை கதவைத் திறந்து, பகுதிப் பிள்ளைகளின் கலைப் பயிற்சிக்குக் கட்டணமின்றித் தர வேண்டும். மராத்தியப் பிள்ளை வந்தாலும் உருதுப் பிள்ளை வந்தாலும் வரவேற்க வேண்டும். வாடகைக்கு விடும்போது மொழி பார்க்காத நாம், கலைக்கு விடும்போது பார்ப்பானேன்? இரண்டாவது, வரவு செலவுக் கணக்கைக் கதவிலேயே ஒட்ட வேண்டும். மூன்றாவது, தாராவித் திட்டத்தில் ஒவ்வொரு குடியிருப்புத் தொகுதிக்கும் ஒரு பொதுக்கூடம், கட்டுமானக்காரரின் தயவில் இல்லாமல், அங்கு வாழ்வோரின் கூட்டுறவுச் சங்கத்துக்கே உரிமையாக எழுதித்தரப்பட வேண்டும் என்ற கோரிக்கையை எல்லாக் கட்சித் தமிழரும் ஒரே குரலில் எழுப்ப வேண்டும்.

ஆம்ஸ்டர்டாம் இளைஞர்கள் கதவைத் தள்ளித் திறந்தார்கள். நாம் தள்ள வேண்டியதில்லை. சாவி நம் கையில்தான் இருக்கிறது. சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறோம்.

எடுத்துத் திறப்போம், தோழர்களே! உள்ளே தூசு இருக்கும், பெருக்கிக்கொள்வோம்.