பட்டப்படிப்பு ஆலோசகர் யாராக இருக்க வேண்டும்? மானிப்பாயிலிருந்து ஒரு நிலைப்பாடு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மாணவருக்குப் பாடத் தெரிவு பற்றியும் படித்து முடித்தபின் போகும் வழி பற்றியும் ஆலோசனை சொல்வதற்கென்றே முழுநேரப் பதவி வேண்டும். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்களும், மேடை, வானொலி, இசை என்று கலைத்துறையில் உழைத்தவர்களும் அதற்கு விண்ணப்பிக்க இடமிருக்க வேண்டும். அந்த ஆண்டுகள் தகைமையாகக் கணக்கில் சேர வேண்டும். மானிப்பாயில் ஒரு சனசமூக நிலையத்தின் கல்விக் குழுவாகிய எங்கள் நிலைப்பாடு இது.

கலைப்பீடத்துக்குப் போகும் பிள்ளை தொடக்கத்திலேயே ஒரு சந்தியில் நிற்கிறது: பொதுப்பட்டமா, சிறப்புப்பட்டமா, சிறப்பென்றால் எந்தப் பாடம்? விரிவுரையாளர்கள் தங்கள் வகுப்புகளுக்கும் ஆய்வுக்கும் நடுவே நேரம் ஒதுக்கி வழி சொல்கிறார்கள். கிரெடிட் கணக்கும் பரீட்சை விதிகளும் அவர்களைவிடத் தெரிந்தவர் இல்லை. ஆனால் அவர்களில் பலர் பட்டம் பெற்ற துறையிலேயே உதவி விரிவுரையாளராகச் சேர்ந்து அங்கேயே உயர்ந்தவர்கள். நியமன முறையே அப்படித்தான் ஆளை எடுக்கிறது, அவர்களில் பிழையில்லை. ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போய், அங்கும் சரிவராமல் மூன்றாவதில் கால் ஊன்றிய ஒருவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மாணவர் யாரிடம் கேட்பது?

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வெறும் பேச்சல்ல. சின்ன வயதிலேயே வாய்ப்பாட்டோ வயலினோ பழகி, வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளைத் தரம் தரமாக எழுதி, கலாவித்தகர் வரை போகிறவர்கள் இங்கு நிறையப் பேர். உயர்தரம் வந்ததும் ரியூசனுக்கு நேரம் போதாது. வயலின் பெட்டி அலுமாரிக்கு மேலே போய்விடும். மருதனார்மடத்தில் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் படிப்பு நடப்பதை ஊரே அறியும். அதற்குச் செய்முறைத் தேர்வு உண்டென்பதும், அதற்கு எப்படி ஆயத்தப்பட வேண்டும் என்பதும் பல வீடுகளுக்குக் காலம் பிந்தித்தான் தெரியவருகின்றன.

நாங்கள் கேட்கும் மாதிரி ஆட்கள் கிடைப்பார்களா என்று கேட்பவர்கள் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியின் வாழ்க்கையைப் பார்க்கட்டும். 1932இல் பிறந்த கரவெட்டிக்காரர். கொழும்பு சாஹிராக் கல்லூரியில் ஆசிரியர். பாராளுமன்றத்தில் உடனடி மொழிபெயர்ப்பாளர். இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்' வானொலி நாடகத்தில் விதானையார். பிறகு வித்தியோதயப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். பர்மிங்ஹாமில் பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தைப் பற்றிக் கலாநிதிப் பட்டம். 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். தம் மாணவர் ஒருவர் நாடகத்துக்குப் போகவா, ஊடகத்துக்குப் போகவா என்று கேட்டால், அந்த இரண்டிலும் கிடைக்கும் சம்பளமும் சலிப்பும் அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. இன்று ஒருவர் வானொலி நாடகத்தில் கழித்த ஆண்டுகளை விண்ணப்பத்தில் எழுதினால் அதற்கு எத்தனை புள்ளி கொடுப்பார்கள்?

அவர் ஆய்வாளராகவும் உயர்ந்தார். அதனால் பல்கலைக்கழகக் கதவு திறந்தது என்று சொல்லலாம். சரிதான். அப்படியானால் நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கத்தைப் பாருங்கள். நெடுங்காலம் பாடசாலை ஆசிரியர். 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார், 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை எழுதினார், பல்கலைக்கழக மாணவருக்கும் நாடகம் படிப்பித்தார். அவரைப் போன்றவர்களைப் பல்கலைக்கழகம் வருகை விரிவுரையாளராக அழைக்கும். மாணவரின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் நாற்காலியில் இருத்தாது. எங்கள் முறைப்பாடு அதுதான்.

படிப்பு முடித்தவன் எங்கே போவான் என்ற கேள்வி மானிப்பாய்க்குப் பழையது. 1840களின் கடைசியில் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கிலத்தில் வைத்தியம் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுவதைக் கண்டுதான் 1860களில் தமிழில் படிப்பிக்கத் தொடங்கினார். கிராமத்தில் தங்கக்கூடிய வைத்தியர் அவருக்குத் தேவைப்பட்டார்கள். பாடத்திட்டத்தை எழுதுவதற்கு முன்பே மாணவன் போய்ச் சேரும் இடத்தை நினைத்துப் பார்த்தார்.

அதே கேள்வியோடுதான் 2017இல் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் நாட்கணக்கில் போராட்டத்தில் இருந்தார்கள். அரசாங்க நியமனம் ஒன்றையே நம்பிப் படிக்க விட்டதில் வீடுகளுக்கும் பங்குண்டு, எங்களையும் சேர்த்துத்தான். ஓர் ஆலோசகர் வந்து வேலைகளை உண்டாக்க மாட்டார். முதலாம் ஆண்டிலேயே நிலைமையை மறைக்காமல் சொல்வார், வேறு வாசல்களைக் காட்டுவார்.

எதிர்ப்புகள் எங்களுக்குத் தெரியும். புதிய பதவிக்குத் திறைசேரியின் அனுமதி இலேசில் வராது. 'அனுபவம்' என்ற பெயரில் செல்வாக்குள்ளவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள் என்ற பயமும் நியாயமானது. இந்த ஊரில் அதை யாரும் சிரித்துத் தள்ள முடியாது. ஆகவே முதலில் கலைப்பீடத்தில் மட்டும் ஒருவரை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் நியமித்துப் பார்க்கலாம். குறைந்தது பத்து ஆண்டு கற்பித்தல் அனுபவமும், கலைத்துறையில் சான்று காட்டக்கூடிய வேலையும் நிபந்தனையாகட்டும். புள்ளித்திட்டத்தை விண்ணப்பம் கோரும்போதே வெளியிட வேண்டும். மனநெருக்கடியோடு வரும் மாணவரை இவர் கையாளக் கூடாது. அதற்குப் பயிற்சி பெற்ற உளவளத்துணையாளரிடம் உடனே அனுப்ப வேண்டும். நேர்முகத் தேர்வுக் குழுவில் மாணவர் பிரதிநிதி ஒருவர் பார்வையாளராக இருப்பதைப் பேரவை ஏற்க வேண்டும் என்றும் கேட்கிறோம்.