ஆபரேஷன் பண்ணியும் என்ன வலி?

முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் செய்துகொண்ட பெண், பல வருஷம் கழித்து "வலிக்குது" என்று சொன்னால், "அதான் அவ்வளவு செலவு பண்ணியாச்சே, இன்னும் என்ன வலி? வேலைக்கு டிமிக்கியா?" என்று கேட்கிறார்கள். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்ட நானும் இந்தப் பேச்சைக் கேட்டவள்தான். வரப்பில் வழுக்கி விழுந்து, ஆபரேஷன் நடந்து 14 வருஷம் ஆகிறது. இப்போது மூட்டுத் தேய்மானம் என்கிறார் டாக்டர்.

சகோதரிகளே, இது நடிப்பு அல்ல. கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக, பெரும்பாலும் நம் தொடையின் பின்பக்கத்திலோ, முழங்கால் சில்லுக்குக் கீழேயோ இருந்து நார் எடுத்துப் பொருத்துகிறார்கள். கால் பிசகாமல் நிற்க அது உதவும். ஆனால், விழுந்த அன்றே மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பும் அடிபட்டிருந்தால், அது பழையபடி ஆவது கடினம். அதனால்தான் ஆபரேஷன் நன்றாக நடந்தவர்களுக்கும் 10, 15 வருஷத்தில் தேய்மானம் வரலாம்.

தொடைத் தசை பலமாக இருந்தால் மூட்டுக்குச் சுமை குறையும். அதற்கு ஆபரேஷன் முடிந்து பல மாதம் பயிற்சி வேண்டும். இங்கேதான் ஓரவஞ்சனை! கபடியில் அடிபட்ட என் கொழுந்தனாருக்கும் இதே ஆபரேஷன்தான். ஆறு மாசம் ஒரு குடம் தூக்க விடவில்லை. பயிற்சிக்குக் காஞ்சிபுரம் போனால் துணைக்கு ஆள். எனக்கோ மூன்றாவது வாரமே மாட்டுக் கொட்டகை, குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பு. மருமகள் கால் என்ன இரும்பா?

ஆபரேஷனுக்குப் பணம் புரட்டுகிற வீட்டார், பயிற்சிக்கென்று தினம் அரை மணி நேரமும் அவளுக்கு ஒதுக்கித் தரவேண்டும். வருஷங்கள் போய் வலி வந்தவர்களுக்கும் பயிற்சி பலன் தரும். உடம்பு கனத்தவர்கள் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் சுமார் நாலு கிலோ பாரம் குறைகிறது. பாத்திரம் தேய்க்க, காய் நறுக்க ஒரு முக்காலி போதும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீடு தேடி வந்து பிசியோதெரபி தர வழி செய்தார்கள். பஸ் ஏறிப் போக ஆளில்லாத ஜவ்வு ஆபரேஷன் பெண்களுக்கும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அது கிடைக்க வேண்டும்.

அதற்கு முன்னால், அவள் சொல்கிற வலியை வீட்டில் இருப்பவர்கள் நம்ப வேண்டும். மாமியார்மார்களும் கணவன்மார்களும் மனசு வைப்பார்களா?

— ஒரு வாசகி, உத்திரமேரூர்.