சமைக்க நினைத்தவள் செய்த குற்றம் என்ன?

ஒரு பெண் சமைக்க விரும்பினாள். அதற்காகக் காவல் நிலையத்தில் முறைப்பாடு எழுந்தது. கண்டன முழக்கம் எழுந்தது. முடிவில் மன்னிப்புக் கடிதமும் எழுந்தது! கேட்போர் நகைக்கக்கூடும். ஆனால் இது நகைப்புக்குரிய கதையன்று. பாரதத்தில் நடந்த நிகழ்ச்சி.

2023 டிசம்பர் 1ஆம் நாள் 'அன்னபூரணி' என்னும் தமிழ்ப் படம் திரைக்கு வந்தது. நிலேஷ் கிருஷ்ணா இயக்கிய அது நயன்தாராவின் 75ஆவது படம். திருவரங்கத்துக் கோயிலில் பிரசாதம் சமைக்கும் அந்தணர் ஒருவரின் மகள், நாடறிந்த சமையற்கலைஞராக விழைகிறாள். இறைச்சியைத் தொடாமல் அத்துறையில் முதலிடம் பெறுதல் இயலாது. தந்தையின் ஆசாரம் ஒருபுறம்; மகளின் வேட்கை மறுபுறம். கதை இவ்வளவே!

தணிக்கைக் குழு பார்த்தது, சான்று தந்தது, படமும் அரங்குகளில் ஓடியது. டிசம்பர் 29ஆம் நாள் நெட்ஃபிளிக்ஸ் வழியாக வீடுகளுக்குள் புகுந்ததும் புயல் கிளம்பிற்று. இராமர் இறைச்சி உண்டதாக ஒரு பாத்திரம் பேசலாமா? அந்தணப் பெண் பிரியாணி சமைக்குமுன் தொழலாமா? அவளுக்குத் துணை நிற்பவன் பெயர் பர்ஹான் என்றிருக்கலாமா? இது 'காதல் ஜிஹாத்' அன்றோ? இப்படிக் கேட்டார்கள். மும்பையில் காவல்துறையிடம் முறையிட்டார்கள். விசுவ இந்து பரிஷத் சீறியது. 2024 ஜனவரி இரண்டாம் வாரத்தில் படம் அத்தளத்திலிருந்து அகற்றப்பட்டது. ஜனவரி 18ஆம் நாள் 'ஜெய் ஸ்ரீராம்' என்ற தலைப்புடன் நயன்தாரா வருத்தம் தெரிவித்தார்.

அவர்கள் சொன்ன காரணங்களைச் சற்றே ஒதுக்கிவைத்துப் பாருங்கள். வான்மீகத்தில் இராமர் உண்டது என்ன என்பது வடமொழிப் புலவர்கள் நெடுங்காலமாக வாதிட்டுவரும் பொருள். அது தவறான கூற்று என்றால் ஏட்டைப் புரட்டி மறுத்திருக்கலாம். மறுப்பதற்கு உரிமை உண்டு. மனம் நோவதற்கும் உரிமை உண்டு. வாயை அடைப்பதற்கு உரிமை ஏது? அவர்களை உண்மையில் சுட்டது இறைச்சியின் வாடையன்று. மணமேடையைத் துறந்து தன் தொழிலைத் தேடிப் புறப்பட்ட பெண்ணின் காலடியோசைதான் அவர்களைச் சுட்டது.

நிற்க. கல்முனை முதல் பொத்துவில் வரையுள்ள நம் கரையோரத்து ஊர்களில் இச்செய்தி அறிந்தோர் சினந்திருப்பர். 'தொழுததற்காகவா ஒரு படத்தைத் தூக்கினார்கள்?' என்று வினவியிருப்பர். நியாயமான சினம், நியாயமான வினா. ஆனால் அண்டை வீட்டுக் கூரையைச் சுட்டிய விரலை நம் வீட்டுப் பக்கமும் சற்றே திருப்புவோம்.

அன்னபூரணிக்குச் சில மாதங்கள் முந்தி, 2023 ஆகஸ்டில், கிரேட்டா கெர்விக் என்னும் பெண்மணி இயக்கிய 'பார்பி' படத்தைக் குவைத் அரசு தடை செய்தது. பொது ஒழுக்கம் கெடுமாம்! அதே மாதத்தில் அதே படம் சவூதி அரேபியாவில் ஓடியது. அங்கே கெடாத ஒழுக்கம் குவைத்தில் மட்டும் கெடுவதெப்படி? அதற்கு முந்திய ஆண்டு, 2022 நவம்பரில், 'ஜாய்லேண்ட்' என்னும் படத்துக்கு வழங்கிய சான்றைப் பாகிஸ்தானின் நடுவண் அரசு பறித்தது. பின்னர் மீட்டுக் கொடுத்தபோதும் பஞ்சாப் மாகாணம் கதவை அடைத்தது. மும்பையில் காவி, குவைத்தில் பச்சை. கொடியின் நிறம் வேறு, கூச்சல் ஒன்றே. 'எங்கள் பெண்கள் கெட்டுவிடுவார்கள்!' என்பதே அக்கூச்சல்.

நம் கிழக்குக்கு வருவோம். ஏறாவூர் தந்த எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித் 2012ஆம் ஆண்டில் வானொலிச் செவ்வி ஒன்றில் ஒரு கருத்துச் சொன்னார். கருத்து தவறென்று கருதியோர் பலர். எழுதி மறுத்திருக்கலாம், மேடையேறி மறுத்திருக்கலாம். நடந்ததென்ன? வசையும் மிரட்டலும் அவரை ஊர் துறக்க வைத்தன. 2015இல், உயிரோடிருந்த அவர் கொல்லப்பட்டாரென்று பொய்ச் செய்தியும் பரப்பினார்கள். இத்தகைய மண்ணில், சாய்ந்தமருதுப் பெண்ணொருத்தியை நாயகியாக்கி நாளை ஒருவர் படமெடுத்தால் என்ன நடக்கும்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்! அன்னபூரணியை விரட்டியவர்களைப் பழிக்கும் நம் நா, அந்தப் பெண்ணுக்காகப் பேசுமா?

'இஸ்லாம் பெண்ணுக்கு 1400 ஆண்டுகளுக்கு முன்பே உரிமை தந்துவிட்டது. படம் வந்தா எமக்குப் பாடம் சொல்லவேண்டும்?' என்பர் சிலர். தந்தது உண்மை. வணிகம் நடத்திய கதீஜா நாயகியின் வரலாறும், ஆடவர்க்கு ஹதீஸ் போதித்த ஆயிஷா நாயகியின் வரலாறும் எவரும் மறுக்கவொண்ணாதவை. தந்த உரிமையைப் பாயின்கீழ் மறைத்தவர் யார் என்பதே நம் கேள்வி. மஹர் கொடுத்து மணக்கச் சொன்னது மார்க்கம். வீடு வாங்கிக்கொண்டு மணப்பது நம் வழக்கம். மகளுக்கு வீடு கட்ட வயலை விற்று வாப்பா வாடும்போது, மார்க்கம் கெட்டதென்று கொதிப்பவர் எத்தனை பேர்? ஒரு படம் வந்தால் மட்டும் கொதிப்பது ஏன்?

பண்பாடு என்கிறார்கள். எந்தப் பண்பாடு? தாய்வழியாகக் குடி எண்ணும் பண்பாடு நம்முடையது. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழும் பண்பாடு நம்முடையது. மருதமுனைத் தறிகளின் பெருமையில் பெண்டிரின் உழைப்பும் இழையோடியிருக்கிறது. வீட்டுக்குள் பெண்ணைப் பூட்டிவைப்பதே நம் தொல்மரபு என்போர், தம் உம்மாவின் உம்மாவிடம் கேட்டறியட்டும்!

இன்னொன்றும் கேட்கிறோம். கிழக்கிலிருந்து எத்தனை தாய்மார் வளைகுடா சென்று அந்நியர் வீட்டுக் குசினிகளில் வெந்தார்கள்! மூதூரின் ரிசானா நபீக் என்னும் சிறுமியை, கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி, 2005இல் சவூதிக்கு ஏற்றினார்கள். சமையலும் துப்புரவும் செய்யப் போன பிள்ளையின் கையில் கைக்குழந்தையைக் கொடுத்தார்கள். குழந்தை இறந்தது, பழி அவள்மேல் விழுந்தது. 2013 ஜனவரி 9ஆம் நாள் அவள் தலை வாளுக்கு இரையாயிற்று. அவளை விமானமேற்றியபோது குறுக்கே நின்ற பண்பாட்டுக் காவலர் எவர்? பெண் அந்நியன் வீட்டு அடுப்பில் அடிமையாக வேகலாம். தன் பெயரில் அடுப்பேற்றித் தலைநிமிரலாகாது! இதுவா ஒழுக்கம்?

பெண் தலைநிமிர்ந்தால் ஊர் கெடும் என்ற அச்சம் புதியதன்று. சித்திலெப்பை மரைக்கார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முஸ்லிம் பெண்கல்விக்காகப் பாடுபட்டபோதும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தோர் பெயரை இன்று எவர் அறிவார்? அவர் நட்ட விதையோ கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரியாகவும், 1995இல் தொடங்கி இன்று ஒலுவிலில் உள்ள உயர்கல்விக் கூடமாகவும் நம் கண்முன் ஓங்கி நிற்கிறது. அங்கே பயின்ற பெண்கள் மருத்துவராயினர், ஆசிரியராயினர். ஊர் கெட்டதா?

படத்தைப் பாருங்கள், பிடிக்காவிட்டால் ஏசுங்கள், பிழை இருந்தால் எழுதுங்கள். அன்னபூரணியும் குறையற்ற காவியமன்று. ஆனால் திரையை மூடுவதால் தீர்வது எது? திரைக்கு வெளியே தீர்க்கவேண்டியது ஏராளம் உண்டு. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், காதியின் அனுமதியோடு பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த சிறுமிக்கும் மணமுடிக்க வழிவிட்டது. பெண்ணைக் காதியாக அமர்த்த அது இடமளிக்கவில்லை. அதனைத் திருத்துவதற்கென 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு, 2018 ஜனவரியில்தான் அறிக்கை கொடுத்தது. ஒன்பது ஆண்டுகள்! ஒரு படத்தை வீழ்த்தப் பதினான்கு நாட்கள் போதும். ஒரு சிறுமியின் வயதை எண்ணி முடிக்க ஒன்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன!

அச்சட்டத்தின்படி நிக்காஹ் பதிவேட்டில் மணமகன் ஒப்பமிடுவான், வலி ஒப்பமிடுவார், மணமகளின் ஒப்பம் கேட்கப்படவில்லை. நம் கரையோரத்துப் பெண்ணுக்கோ வீட்டு உறுதியில் பெயர் உண்டு. கல்லுக்கும் மண்ணுக்கும் அவள் உரிமையாளர். தன் வாழ்வுக்கு மட்டும் அவள் சாட்சிகூட இல்லை! பண்பாட்டைக் காக்கப் புறப்படும் பெரியோரே, திரையரங்கை நோக்கி நடக்கவேண்டாம். அந்தப் பதிவேட்டை நோக்கி நடங்கள். பேனாவை எடுத்து மணமகள் கையில் கொடுங்கள். அதன்பின் வந்து படத்தைப் பற்றிப் பேசுங்கள், கேட்கிறோம்.