கோபாலைப் பார்த்தீர்களா?

தோட்டத்துத் தாய்மார்களே, உங்கள் பிள்ளைகள் 'போபோய்போய்' பார்ப்பதுண்டா? 2011-ஆம் ஆண்டில் டி.வி.3-இல் தொடங்கிய நம் மலேசியக் கார்ட்டூன் தொடர். அதில் அபூர்வ சக்தி பெறும் பிள்ளைகளுள் ஒருவன் நம்மவன், கோபால். அவனைப் பயந்தாங்கொள்ளியாகவும் சாப்பாட்டு ராமனாகவும் காட்டுகிறார்களே என்று எனக்கு உறுத்தல்தான். யாயா பறக்கிறாள், யிங் காற்றாய் ஓடுகிறாள். கோபாலுக்கோ, கைபட்ட பொருளைத் தின்பண்டமாக்கும் சக்தி! (சிரிக்காமல் என்ன செய்வது?) 2016-இல் வந்த 'கேலக்சி' தொடரில் வளர்ந்து, விண்வெளிக்கே போகிறான், பயம் மட்டும் போகவில்லை.

பினாங்கில் என் பேரன், இருட்டில் கொல்லைப்பக்கம் போக அழுகிறவன், அவனைத்தான் விரும்புகிறான். ஏனென்று கேட்டேன். "பயந்துகிட்டேதான் போறான் தாத்தா. ஆனா கூட்டாளிய விட்டுட்டுப் போகல." நான் வாயை மூடிக்கொண்டேன். உங்கள் வீட்டில் யாருக்கு யாரைப் பிடிக்கும்? எழுதுங்களேன்.