தமுக்கு போனது, என்ன வந்தது?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கடலூர்க்காரனுக்குத் தூக்கம் குறைந்துவிடும். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் என்று ஒவ்வொன்றும் அந்தச் சில வாரங்களுக்குள்தான் வந்து போயிருக்கின்றன. அதனால் இந்த முறை பழைய கதை எழுதாமல், கொஞ்ச நாளாக மனதில் அரித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை எழுதுகிறேன். நம் தெருவுக்கு வேண்டிய செய்தி நம் தெருவுக்கு வந்து சேர்கிறதா?

2024 டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலை என் கைப்பேசி அடித்தது. பாரிஸிலிருந்து என் அத்தை மகன். "தென்பெண்ணையில் பெரிய வெள்ளமாமே, நீங்க பத்திரமா இருக்கீங்களா?" என்றான். எனக்கு ஒன்றும் தெரியாது. சாத்தனூர் அணையிலிருந்து அன்றிரவு விநாடிக்கு 1,68,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்தோம் என்று அரசு பிறகு சொன்னது. கொடுத்திருப்பார்கள். நான் அலுவலகத்தில் இருந்தவன், எச்சரிக்கை எந்த வழியாக எந்த மேசைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அணையிலிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து வட்டத்துக்கு, அங்கிருந்து கீழே. ஆனால் கடைசி மேசைக்கும் தெருவாசலுக்கும் நடுவில் இருக்கிற அந்த அரை கிலோமீட்டர்தான் நம் நாட்டில் மிக நீளமான தூரம். ஆற்றோரம் குடியிருக்கும் பழைய சகா ஒருவர் வீட்டில் தண்ணீர் இடுப்பு வரை. பென்ஷன் புத்தகம், வீட்டுப் பத்திரம் எல்லாம் ஊறிப் போயின. "பிரான்சுல இருக்கிறவனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலியே" என்று சிரித்தார். சாத்தனூரிலிருந்து கடலூர் வந்து சேரத் தண்ணீருக்கு மணிக்கணக்கில் நேரம் பிடிக்கும். ஒருவர் வந்து கதவைத் தட்டியிருந்தால், அந்தப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றியிருக்கலாம்.

அந்தக் காலத்தில் இதற்குத் தமுக்கு இருந்தது. "இதனால் சகலருக்கும்" என்று தெருமுனையில் நின்று அடித்துச் சொல்வார்கள். 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, இனி தண்டோரா வேண்டாம், வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்று ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். நல்ல முடிவு. ஒரு மனிதனை ஊருக்குள் அடித்துக்கொண்டு நடக்கவைக்கும் வேலையை என்றைக்கோ நிறுத்தியிருக்க வேண்டும். அதில் எனக்கு வேறு கருத்து இல்லை. ஆனால் தமுக்கு அடிப்பவர் நடந்து போவார், தெருமுனையில் நிற்பார், "என்னாப்பா சேதி?" என்று கேட்டால் திரும்பச் சொல்வார். ஒலிபெருக்கி ஆட்டோ நிற்பதில்லை. எங்கள் தெருவைக் கடக்கும்போது காதில் விழுவது "...ஆம் தேதிக்குள் தவறாமல்" என்பது மட்டுந்தான். எதைத் தவறாமல் என்று அடுத்த தெருக்காரரைக் கேட்டால் அவருக்கு அடுத்த பாதி கிடைத்திருக்கும்.

தமுக்கு பற்றி நான் பெருமையாக எழுதக் கூடாது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது; இதுவரை எங்கும் எழுதியதில்லை.

எழுபதுகளின் இறுதி. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஒரு சந்தை ஒழுங்குபடுத்தும் கோப்பு என் இருக்கைக்கு வந்தது. ஆட்சேபணை உள்ளவர்கள் 15 நாளுக்குள் எழுதித் தர வேண்டும். விதிப்படி அறிவிப்பை முக்கிய இடங்களில் ஒட்டி, தமுக்கு அடித்து, அப்படிச் செய்ததற்கு ஒரு சான்றைக் கோப்பில் சேர்க்க வேண்டும். தமுக்கு அடிப்பவர் அந்த வாரம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்தார். எனக்குத் தெரியும். இருந்தும் "தமுக்கு மூலம் விளம்பரம் செய்யப்பட்டது" என்று தட்டச்சு செய்து, பிறகு அவரிடம் கைநாட்டு வாங்கி, கோப்பை மேலே அனுப்பியவன் நான்தான். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள் என்பது உண்மை. அது சமாதானமில்லை.

பதினெட்டாவது நாள் ஓர் அம்மா வந்தார். அந்தச் சந்தின் முனையில் இட்லிக் கடை வைத்திருந்தவர். அவர் கடை வரைபடத்தில் கோட்டுக்கு வெளியே போயிருந்தது. "யாருமே சொல்லலியே சாமி" என்றார். நான் கோப்பைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. காட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு, சரி என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் போனார். கெடு முடிந்துவிட்டது என்பதால் மனு வாங்கவில்லை.

நான் படித்தது புதுச்சேரியில், தாத்தா வீட்டிலிருந்து, பிரெஞ்சுப் பள்ளியில். கடலூரின் பெயரே எங்கள் பாடப்புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கும், "கொந்தெலூர்" என்று. 1783-இல் சுஃப்ரேன் இங்கிலீஷ் கப்பற்படையோடு மோதிய இடம் என்றுதான் எங்களுக்கு இந்த ஊர் அறிமுகம். அப்பாவின் ஊர் அது என்று ஆசிரியரிடம் சொன்னால் நம்ப மாட்டார். பள்ளிக்குப் போகும் வழியில் கடற்கரையோரம் மேரி, அதாவது நகராட்சி மாளிகை. அதன் வாசலில் காகிதம் ஒட்டியிருக்கும். யார் யாரைக் கல்யாணம் செய்யப் போகிறார்கள் என்பது உட்பட. ஆட்சேபணை உள்ளவன் சொல்லலாம் என்பதற்காக. பையன்கள் நாங்கள் அதைத்தான் முதலில் படிப்போம். பிரெஞ்சுக்காரர்கள் 1880-இலேயே அங்கே கொம்யூன்கள் ஏற்படுத்தி, மேர் ஒருவரை உட்கார வைத்தவர்கள்.

அந்தப் புதுச்சேரியின் கதையைக் கேளுங்கள். 1968-க்குப் பிறகு அங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல். அதன் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை தேர்தல் இல்லை. அந்தப் பழைய மேரிக் கட்டடமே 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, பிறகு அதே உருவில் திரும்பக் கட்டப்பட்டது. கட்டடம் எழுந்துவிட்டது, உள்ளே உட்கார மேர்தான் இல்லை. என் பள்ளித் தோழர்களிடம் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். தமிழ்நாடும் ஒன்றும் யோக்கியமில்லை. 2016-இல் முடிந்த நகர மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19-இல்தான் தேர்தல் வந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. 1866-இல் நகராட்சியான கடலூர், அந்தத் தேர்தலுக்குச் சற்று முன்பு மாநகராட்சியாகி, 45 வார்டுகளோடு முதல் மேயரைக் கண்டது.

சரி, கவுன்சிலர் வந்துவிட்டார். அடுத்தது என்ன? 2022-இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. கிராம சபை மாதிரி நகரத்துக்கும் ஒன்று. அரசியல் சாசனத்தின் 74-ஆவது திருத்தம் 3 லட்சம் மக்கள்தொகைக்கு மேற்பட்ட நகரங்களுக்குத்தான் வார்டு குழுவைக் கட்டாயமாக்கியது. 2011 கணக்கில் 1.73 லட்சம் பேர் இருந்த கடலூருக்கும், அதைவிடச் சிறிய சிதம்பரத்துக்கும் மாநில விதியால்தான் இது கிடைத்தது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று மாநிலம் முழுக்க முதல் கூட்டங்கள் நடந்தன. முதலமைச்சர் பம்மலில் போய் உட்கார்ந்தார். (நவம்பர் 1 எங்கள் புதுச்சேரிக்கு விடுதலை நாளும்கூட. உள்ளாட்சி இல்லாத ஊருக்கு அந்தத் தேதி எப்படி வாய்த்தது பாருங்கள்.)

மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டிய சபை அது. எத்தனை பேருக்குத் தெரியும்? நான் போன ஒரு கூட்டத்தில் தலை எண்ணினேன்: அலுவலர்கள், கட்சிக்காரர்கள் நீங்கலாக பதினோரு பேர். எந்த வார்டு என்று சொல்லப் போவதில்லை. அறிவிப்பு எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். "வாட்ஸ்ஆப் குரூப்புல போட்டோமே சார்" என்றார் அந்தத் தம்பி. குரூப்பில் நானும் இருக்கிறேன். காலை வணக்கப் படங்கள், ரோஜாப்பூ, முருகன், யாரோ தொலைத்த சாவிக்கொத்து, இவற்றுக்கு நடுவே அது இருந்தது. என் மனைவிக்கு வாட்ஸ்ஆப்பே கிடையாது. தெருவில் அவளைப் போல எத்தனையோ பேர்.

ஜனங்களுக்கு அக்கறையில்லை என்று இங்கே சொல்லத் தோன்றும். நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். 2025 ஜூலையில் மகள் வீட்டில், சிதம்பரத்தில் இருந்தேன். 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களை ஜூலை 15-இல் முதலமைச்சர் அங்கேதான் தொடங்கினார். அதற்கு முன் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து விண்ணப்பமும் விவரத் தாளும் கொடுத்தார்கள். நகரத்தில் 13 துறை, 43 சேவை என்று அச்சடித்த தாள். எதிர்வீட்டுப் பாட்டி அதைப் பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லி, இரண்டு நாள் தலையணைக்கடியில் வைத்திருந்து, முகாமுக்கு எடுத்துக்கொண்டு போனார். மனுவெல்லாம் பைசலானதா என்பது வேறு கேள்வி. கட்சி பார்த்துச் சொல்லவில்லை, எந்த ஆட்சி செய்திருந்தாலும் இதையேதான் சொல்வேன்: காகிதம் வாசலுக்கு வந்தது, ஜனங்கள் வந்தார்கள். அக்கறை இருந்தது, செய்திதான் இல்லை.

முகாமுக்கு முடிந்தது மழை எச்சரிக்கைக்கும் பகுதி சபைக்கும் முடியாதா? என் யோசனை பெரிய செலவுள்ளது அல்ல. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பலகை. நகராட்சி வாசலில் வேண்டாம், அங்கே யார் போகிறார்கள்? ரேஷன் கடையில், பால் பூத்தில், கிளை நூலகத்தில். சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் கட்டுகிறோமே, அந்த நூலகச் சுவரில் ஓர் ஆணி நமக்குப் பாத்தியதை உண்டு. ஒட்டிய தேதியும் கிழிக்க வேண்டிய தேதியும் போட்டு, கொட்டை எழுத்தில். எங்கள் பக்கம் ஒரு பலகையில் இன்னமும் கொரோனா தடுப்பூசி முகாம் அறிவிப்பு இருக்கிறது. பழைய அறிவிப்பு தொங்கும் பலகையைப் புது அறிவிப்புக்காக யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வெள்ளத்துக்கு மட்டும் பலகை போதாது, தெருவுக்கு இரண்டு பேரைப் பெயர் குறித்து வைத்து, கதவைத் தட்டச் சொல்ல வேண்டும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு எது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதையே மனுவாக எழுதிப் பகுதி சபையில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பதில் வரவில்லை. நினைவூட்டு ஒன்று போட்டாயிற்று. இரண்டாவதும் போடுவேன், அதில் எனக்கு முப்பத்தைந்து வருஷப் பழக்கம்.

அதுவரை சும்மா இருக்க முடியாமல், மாதம் ஒரு தாளில் கையால் எழுதி, கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுகிறேன். இந்த மாதத் தாளில் எழுதியது: அரையாண்டு சொத்து வரியை அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. மழை, வெள்ளம் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. முதியோர் உதவிக்கு 14567. பத்திரம், பென்ஷன் புத்தகம், ரேஷன் அட்டை மூன்றையும் பாலிதீன் பையில் கட்டிப் பரண்மேல் வைக்கவும். கடைசியாக, படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவர் படித்துச் சொல்லவும் என்று.

நேற்று வரிசையில் நின்ற ஓர் அம்மா, "இத யாரு ஒட்டச் சொன்னது?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். நம்பவில்லை. "எந்தக் கட்சி?" என்றார்.