பாண்டிக்குப் போக விழுப்புரம் எதற்கு?

கடலூரிலிருந்து பாண்டிச்சேரி எவ்வளவு தூரம் என்று மஞ்சக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வார்கள்: ‘இதோ இருக்குங்க, இருபத்திரண்டு கிலோமீட்டர்.’ சரி, ரயிலில் போனால் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். காரணம் இருக்கிறது. ரயிலில்தான் போவேன் என்று நீங்கள் அடம் பிடித்தால், திருப்பாப்புலியூரில் ஏறி, பாண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விழுப்புரம் போக வேண்டும். அங்கே இறங்கி, வண்டி மாறி, மறுபடி கிழக்கே வர வேண்டும். மொத்தம் எண்பது கிலோமீட்டருக்கு மேல். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் இல்லை.

பாண்டிக்கு ரயில் வந்தது 1879-ல். விழுப்புரத்திலிருந்து வந்தது. அப்போது பாண்டி பிரெஞ்சுக்காரன் கையில், கடலூர் இங்கிலீஷ்காரன் கையில். கடலோரமாகத் தெற்கே ஒரு தண்டவாளம் போட்டு இரண்டு ஊரையும் இணைக்க இரண்டு பேருக்குமே அக்கறை இல்லை. போகட்டும். இங்கிலீஷ்காரன் 1947-ல் போனான், பிரெஞ்சுக்காரன் 1954-ல் மூட்டை கட்டினான். அதற்குப் பிறகு நம் ஆட்கள்தானே?

சமீபத்தில் சிதம்பரத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் கடலூருக்கு வந்தேன். வந்தேன் என்பதைவிட நின்றேன் என்று சொல்வது சரி. பு.முட்லூரில் ஓர் அம்மா ஏறினார். கையில் எக்ஸ்ரே கவர், தோளில் சாப்பாட்டுப் பை. ஜிப்மருக்குப் போகிறாராம். ‘எது முதல்ல வருதோ அதுல ஏறிடறதுதான் சார். கடலூர்ல எறங்கி பாண்டி பஸ், அங்கேருந்து ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பஸ். டாக்டரைப் பாக்கறதுக்குள்ள வியாதிக்கே அலுத்துப் போயிடும்’ என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் சிரிக்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இந்தப் பக்கம் இப்படியென்றால், எதிர்ப்பக்கம் போகிறவர்களின் கதை இன்னும் வேடிக்கை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியை 2021-ல் அரசு எடுத்துக்கொண்டு, ‘கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி’ என்று பெயர் வைத்தது. பெயரில்தான் கடலூர். கல்லூரியும் ஆஸ்பத்திரியும் இருப்பது சிதம்பரத்தில். கடலூர்க்காரன் கடலூர் மருத்துவக் கல்லூரிக்குப் போக நாற்பது கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும்! இதோடு பல்கலைக்கழகத்து மாணவர்கள், குடிகாடு - செம்மங்குப்பம் பக்கத்து சிப்காட் தொழிலாளர்கள், முதுநகர் மீன்காரப் பெண்கள், கலெக்டர் ஆபீசுக்கு மனு எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாண்டியிலிருந்து சிதம்பரம் வரைக்கும் சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே ஊர்தான் இருக்கிறது. பெயர்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஆனால் இதற்குள் போய்வர ஒரு லோக்கல் ரயில் கிடையாது.

‘தண்டவாளம் இருந்தால்தானே ரயில் விட முடியும்’ என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்குக் கோபமே வருகிறது. இதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தூரத்துக்குத் தண்டவாளம் ஏற்கெனவே இருக்கிறது! திருப்பாப்புலியூர், கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம். பாட்டி காலத்து ‘மெயின் லைன்’ இது. 2006-ல் மீட்டர்கேஜை அகலப்பாதை ஆக்குகிறோம் என்று சொல்லி விழுப்புரம் - மயிலாடுதுறை பாதையை மூடினார்கள். 2010-ல்தான் திறந்தார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் ஒரு ஊருக்கு ரயிலே இல்லையென்றால் என்ன ஆகும்? ஜனங்கள் பஸ்ஸுக்குப் பழகிவிடுவார்கள். பழகினார்கள். அதற்குப் பிறகு வந்த ரயில்வே அதிகாரிகள் ‘இந்தப் பகுதியில் உள்ளூர்ப் பயணிகள் குறைவு’ என்று கணக்குக் காட்டலாம். கடையைப் பூட்டி வைத்துவிட்டு வியாபாரம் இல்லை என்கிற கணக்கு.

அடுத்து மின்சாரம். 2021 பிப்ரவரி 14-ம் தேதி, சென்னையில் ஒரே மேடையில் பிரதமர் மோடி சில திட்டங்களைத் தொடங்கி வைத்தார். ஒன்று, வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் நீட்டிப்பு. நீளம் 9 கிலோமீட்டர், செலவு 3,770 கோடி ரூபாய். இன்னொன்று, விழுப்புரம் - கடலூர் - மயிலாடுதுறை - தஞ்சாவூர், மயிலாடுதுறை - திருவாரூர் பாதைகளை மின்மயமாக்கியது. நீளம் 228 கிலோமீட்டர், செலவு 423 கோடி ரூபாய். சென்னைக்கு மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வடசென்னைக்காரர்கள் அதற்காக எவ்வளவோ காலம் காத்திருந்தார்கள். ஆனால் 423 கோடி செலவு செய்து கம்பி இழுத்த பிறகு, அந்தக் கம்பிக்குக் கீழே உள்ளூர் ஜனங்களுக்காக எத்தனை வண்டி ஓடுகிறது? விரல் விட்டு எண்ணிவிடலாம், ஒரு கை போதும். மற்றதெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகச் சென்னைக்கும் தெற்கேயும் பறக்கிற எக்ஸ்பிரஸ்கள். 2024-ல் மைசூர் - மயிலாடுதுறை எக்ஸ்பிரஸைக் கடலூர் வரைக்கும் நீட்டினார்கள். சந்தோஷம்தான். ஆக, கடலூரில் ஏறி நேராக மைசூரில் போய் இறங்கலாம். பாண்டியில் இறங்க முடியாது.

இதே தமிழ்நாட்டில்தான் 1895-ல் சென்னைத் தெருக்களில் மின்சார ட்ராம் ஓடியது. லண்டனிலேயே அப்போது மின்சார ட்ராம் கிடையாது. 1953-ல் கம்பெனி நஷ்டம் என்று கை விரிக்க, ட்ராம் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டோம். அது அந்தக் காலத்துப் புத்தி. உலகம் முழுக்க நிறைய ஊர்களில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ என்று ஒரு ஊர், சென்னையோடு ஒப்பிட்டால் சின்ன ஊர்தான். 1992-ல் அங்கே ஒரு காரியம் செய்தார்கள். ஊருக்குள் ஓடுகிற ட்ராமைப் பக்கத்து ஊர்களுக்குப் போகிற சாதாரண ரயில் தண்டவாளத்திலேயே ஓடவிட்டார்கள். புதிதாக நாற்பது கிலோமீட்டர் பாதை போடவில்லை. இருக்கிற ரயில் பாதையையும் ட்ராம் பாதையையும் ஒரு இடத்தில் இணைத்தார்கள், இரண்டு விதமான மின்சாரத்திலும் ஓடுகிற வண்டியை வாங்கினார்கள், அவ்வளவுதான். கிராமத்தில் ஏறினவர் கடைத்தெருவில் இறங்கினார். பிறகு உலகத்துப் பொறியாளர்களெல்லாம் அந்த ஊரைப் பார்க்கப் போனார்கள். கடலூருக்கு ட்ராம் கேட்கவில்லை நான். இருக்கிற தண்டவாளத்தில், இருக்கிற கம்பியின் கீழ், காலையும் மாலையும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மெமு வண்டி. சின்ன வண்டி போதும்.

‘ஒற்றைத் தண்டவாளமாச்சே’ என்பார்கள். உண்மைதான். ஆனால் ஸ்டேஷன்களில் ஒரு வண்டி ஒதுங்கி இன்னொரு வண்டிக்கு வழிவிடும் ஏற்பாடு என்பது ரயில் கண்டுபிடித்த காலத்திலிருந்து இருக்கிறது. அதற்கு மேலும் நெரிசல் என்றால் இரண்டாவது பாதை போடுங்கள். பத்து வருஷம் கழித்துத் தேவைப்படுவதைச் சொல்லி இன்றைக்குச் செய்ய முடிந்ததை நிறுத்தாதீர்கள்.

இன்னொரு கேள்வியை நீங்கள் கேட்காவிட்டாலும் நானே கேட்டுக்கொள்ள வேண்டும். ‘அதிக ரயில் விடச் சொல்கிறாயே, கேட் என்ன ஆகும்?’

2025 ஜூலை 8-ம் தேதி காலை. கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் நடுவே செம்மங்குப்பம் ரயில்வே கேட். பள்ளிக்கூட வேன் தண்டவாளத்தைக் கடக்கும்போது விழுப்புரம் - மயிலாடுதுறை பாசஞ்சர் வந்து மோதியது. மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். கேட் கீப்பரைக் கைது செய்தார்கள், வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் குற்றத்தைக் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அதற்கு மேலே போக வேண்டும். அந்த கேட் சிக்னலோடு பூட்டப்படாத கேட். இன்டர்லாக்கிங் இருக்கிற கேட்டில், கேட் மூடாமல் சிக்னல் பச்சை காட்டவே காட்டாது. மனிதன் தூங்கினாலும் மறந்தாலும் இயந்திரம் ரயிலை நிறுத்திவிடும். பூட்டு இல்லாத கேட்டில் ஸ்டேஷன் மாஸ்டரும் கேட் கீப்பரும் போனில் பேசிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

ஏன் பூட்டு இல்லை? ரயில்வேக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கேட்டை நாளொன்றுக்குக் கடக்கிற ரயில்களையும் வண்டிகளையும் பெருக்கி ஒரு எண் எடுப்பார்கள். அந்த எண் 20,000-ஐத் தாண்டினால் பூட்டு கட்டாயம் என்பது அன்றைய விதி. விபத்துக்குப் பிறகு, அதே ஜூலை மாதம், அதை 10,000 ஆகக் குறைத்தார்கள். இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரயில் குறைவாக ஓடுகிற பாதையில் அந்த எண் சின்னதாகத்தான் இருக்கும். ஆக, நமக்கு ரயிலும் குறைவு, அது குறைவு என்பதால் பாதுகாப்பும் குறைவு. இரண்டு பக்கமும் அடி, மத்தளம் மாதிரி.

அந்த இடத்தில் சுரங்கப்பாதை கட்டப் பணம் தயார், மாவட்ட நிர்வாகம்தான் ஒரு வருஷமாக அனுமதி தரவில்லை என்று விபத்து நடந்த அன்றே ரயில்வே அறிக்கை விட்டது. உண்மையாகவே இருக்கட்டும். ஒரு வருஷம் அனுமதி வராதபோது கேட்டுக்குப் பூட்டாவது போட்டிருக்கலாமே? அதற்கு யார் அனுமதி வேண்டும்? பிள்ளைகளின் உடலை வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன்னாலேயே ‘தப்பு எங்கள் பக்கம் இல்லை’ என்று காகிதம் தயாராகிவிடுகிறது நம் நாட்டில். அதனால்தான் சொல்கிறேன், வண்டிகளைக் கூட்டுவதற்கு முன்னால் இந்தப் பாதையின் ஒவ்வொரு கேட்டுக்கும் பூட்டு, முடிந்த இடமெல்லாம் சுரங்கப்பாதை. முதல் செலவு அது.

இனி, இல்லாத அந்த இருபத்திரண்டு கிலோமீட்டர். லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்த காலத்தில் சென்னையிலிருந்து மாமல்லபுரம், பாண்டி வழியாகக் கடலூருக்குப் புதிய பாதை என்று அறிவித்தார்கள். சுமார் 180 கிலோமீட்டர். பட்டாசு வெடித்தார்கள். பிறகு ஒரு பட்ஜெட்டில் இந்தப் பாதைக்கு ஒதுக்கிய தொகையைப் பார்த்தால் மயக்கம் வரும்: 1,000 ரூபாய். ஆயிரம் கோடி இல்லை சார், ஆயிரம் ரூபாய். திட்டம் சாகவில்லை என்று காட்டுவதற்காக வாயில் ஊற்றுகிற பாலாம் அது. சர்வே எடுக்கப் போகிற ஆட்களுக்கு அந்தப் பணத்தில் டீ, வடை வாங்கித் தந்தாலே தீர்ந்துவிடும்.

கேட்டால் ரயில்வே, ‘மாநில அரசு நிலம் தரவில்லை’ என்கிறது. மாநில அரசு, ‘மத்திய அரசு நிதி தரவில்லை’ என்கிறது. கூடவே புதுச்சேரி அரசு வேறு. கடலூர் - பாண்டி சாலையில் முள்ளோடையைத் தாண்டினால் அரசாங்கமே மாறிவிடுகிறது. ஒன்று கவனித்திருப்பீர்கள், அந்த எல்லை மதுபாட்டிலுக்கு ஒருநாளும் தடையாக இருந்ததில்லை.

நிலம் சாதாரண விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். சென்னையில் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை பறக்கும் ரயிலை நீட்டும் வேலையை 2008-ல் தொடங்கினார்கள். வெறும் 5 கிலோமீட்டர். கடைசி 500 மீட்டர் நிலத்துக்காக ஆதம்பாக்கத்தில் தூண்கள் வருஷக்கணக்கில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. வீட்டை இழக்கிறவர் கோர்ட்டுக்குப் போனால் அவரை வளர்ச்சிக்கு எதிரி என்று திட்டுவது எனக்குப் பிடிக்காது. 2013-ம் வருஷத்து நில எடுப்புச் சட்டம் சொல்கிற விலையை முதலிலேயே கொடுத்திருந்தால் பாதிப் பேர் கோர்ட் படியேறியிருக்க மாட்டார்கள். பாகூர் ஏரிப் பாசனத்து நெல்வயலை நடுவில் பிளந்துகொண்டு பாதை போட்டால் நானே எதிர்த்து எழுதுவேன். சாலையை ஒட்டி, ஏற்கெனவே ஊராகிவிட்ட இடங்களை ஒட்டிக் கொண்டுபோங்கள். தென்பெண்ணையில் பாலம் கட்டப் பணம் ஆகும், ஆகட்டும். அதே கரையோரத்தில் நான்குவழிச் சாலைக்கு நிலமும் கிடைத்தது, பாலங்களும் எழுந்தன, புளியமரங்களும் விழுந்தன. அப்போது மட்டும் எப்படி முடிந்தது?

நூற்றியெண்பது கிலோமீட்டர் கனவைச் சென்னைப் பக்கத்திலிருந்து தொடங்கினால் பெருங்குடியிலேயே நிலத்தின் விலை அதைச் சாப்பிட்டுவிடும். தெற்கேயிருந்து தொடங்குங்கள். பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவே முதலில் போடுங்கள். அது ஒன்றே போதும், சிதம்பரத்தில் ஏறினவர் பாண்டியில் இறங்குவார். மீதி வரும்போது வரட்டும்.

அடுத்த முறை உங்கள் தொகுதிக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர் புல்லட் ரயில், வந்தே பாரத் என்று பேசினால் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேளுங்கள். மைக்கைக் கீழே வைத்த பிறகு, ‘காலை ஏழு மணிக்கு முதுநகர் ஸ்டேஷனிலிருந்து பாண்டிக்கு எந்த வண்டி சார்?’ என்று கேளுங்கள். விழுப்புரம் என்று ஆரம்பித்தாரானால், பு.முட்லூர் அம்மாவின் எக்ஸ்ரே கவரை அவர் கையில் கொடுத்து, பஸ்ஸில் ஒரு தடவை போய்வரச் சொல்லுங்கள். நின்றுகொண்டே.